பூ அழகுதான், படம் ஏன் அப்படி இல்லை?

ஒவ்வொரு மே மாதமும் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. அங்கே பூக்களைக் கண்ணால் பார்ப்பவர்களைவிடக் கைபேசி வழியாகப் பார்ப்பவர்களே அதிகம் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து புரட்டும்போதுதான் ஏமாற்றம். டாலியா இருக்கிறது, கூடவே தொட்டியின் விளிம்பு, பெயர்ப் பலகையில் பாதி, யாரோ ஒருவரின் முழங்கை, மேல் மூலையில் வெளுத்துப்போன வானம் எல்லாம் இருக்கின்றன. சிவப்பு ரோஜா இதழ் இதழாகத் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக நிற்கிறது. உடனே விரல் எடிட்டிங் செயலிக்குப் போகிறது. நிறத்தைக் கூட்டும் ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்தால், திட்டு இன்னும் மோசமாகிறது.

நேரில் பார்க்கும்போது மனம் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு முழங்கையையும் தொட்டியையும் தள்ளிவிடுகிறது. கேமராவுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. எதிரே இருப்பதெல்லாம் அதற்கு ஒன்றுதான். ஆகவே பூப்படத்தை மேம்படுத்துவது பெரும்பாலும் கழிக்கிற வேலை. எடுக்கும்போது கழித்தால் அதைக் காட்சியமைப்பு என்கிறோம், எடுத்த பிறகு கழித்தால் எடிட்டிங் என்கிறோம். இரண்டையும் தனித்தனிப் பாடங்களாகக் கற்றுத்தருகிற வழக்கத்தால்தான், முதலாவதில் விட்டதை இரண்டாவதில் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பலருக்கும் வந்துவிடுகிறது.

பூவும் கேமராவும் பழகத் தொடங்கி நெடுங்காலம் ஆயிற்று. ஒளிப்படங்களைக் கொண்டு உருவான முதல் புத்தகம் என்று கருதப்படுவதே ஒரு தாவரப் புத்தகம்தான். இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ் 1843இல் வெளியிடத் தொடங்கிய கடற்பாசித் தொகுப்பு அது. வேதிப்பொருள் பூசிய தாளின்மேல் செடியை நேரடியாக வைத்து வெயிலில் காட்டினால், செடி மறைத்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் கருநீலமாகவும் மாறும். பின்னணி என்ற தொல்லையே அதில் இல்லை.

கழித்தலை ஒரு முறையாகவே ஆக்கியவர் ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட். சிற்பக் கலை பயின்றவர். பெர்லினில் கலைப்பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்கு வடிவங்களைக் கற்பிப்பதற்காகத்தான் செடிகளைப் படமெடுத்தார். மொட்டு, காம்பு, சுருண்ட பெரணித் துளிர் என்று ஒவ்வொன்றையும் வெள்ளை, சாம்பல் அல்லது கறுப்பு அட்டைக்கு முன்னால் நிறுத்தி, சில சமயம் 30 மடங்கு வரை பெரிதாக்கினார். 1928இல் 120 படங்களோடு ‘கலையின் ஆதி வடிவங்கள்’ என்ற பொருள்படும் அவருடைய புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 63. ஐரோப்பியக் கலையுலகம் அதைக் கொண்டாடியது. இயற்கை இவ்வளவு ஒழுங்கானதா என்று வியந்தவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. படத்துக்கு முன்னால் அவர் கத்தரிக்கோலை எடுத்து, வடிவத்தைக் கெடுக்கும் இலைகளையும் கிளைகளையும் வெட்டிச் சீராக்கியிருந்தார். நெகட்டிவிலும் கை வைத்திருந்தார். எடிட்டிங் என்பது கணினியோடு வந்த நோய் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து.

அமெரிக்காவின் இமோஜன் கன்னிங்ஹாம் வேறு வழியில் போனார். 1920களில் சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு வெளியே அலைய முடியாத காலத்தில், வீட்டுத் தோட்டத்துச் செடிகளையே எடுத்தார். 1925ஆம் ஆண்டின் மக்னோலியா படம் அவருடைய பேர் சொல்வது. பூ சட்டகத்தின் நான்கு பக்கமும் முட்டி நிற்கிறது. இலையும் இல்லை, வானமும் இல்லை. அதே பூவின் நடுத்தண்டை மட்டும் காட்டும் இன்னொரு படமும் உண்டு. முழுப் பூவைக் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்பதை நூறாண்டுக்கு முன்பே அவர் காட்டிவிட்டார். வோக் பத்திரிகைக்காக ஒளிப்படக்காரர் இர்விங் பென் 1967 முதல் 1973 வரை ஆண்டுக்கு ஒரு மலர் வகையாக எடுத்த வரிசையில், வெள்ளைப் பின்னணியில் வாடத் தொடங்கிய, ஓரம் சுருங்கிய பூக்களும் இருக்கின்றன. புத்தம் புதுப் பூதான் படத்துக்கு ஆகும் என்ற எண்ணத்தை அந்தப் பக்கங்கள் அசைக்கின்றன.

இவர்கள் எல்லோரும் முதலில் தீர்த்தது பின்னணியை. இன்றைக்கும் சாதாரணப் பூப்படத்தைக் கெடுப்பது அநேகமாகப் பூவுக்குப் பின்னால் இருப்பதுதான். கண் தானாகவே வெளிச்சமான இடத்துக்கு ஓடும். பூவைவிட வெளிச்சமாக ஒரு சுவர்த்துண்டோ இலை இடுக்கில் வானமோ தெரிந்தால், பார்வை அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கேமராவை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினால் வானம் போய் இருண்ட புதர் வந்துவிடலாம். செலவில்லாத திருத்தம் இது. மென்பொருளில் இதையே நேர்த்தியாகச் செய்ய நேரமாகும். செய்தாலும் இதழின் ஓரத்தில் தடயம் மிஞ்சும்.

கைபேசிக்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. பூவுக்கு அருகே கொண்டுபோனால் முன்னிதழ் வீங்கும்; பின்னால் பாதித் தோட்டமே உள்ளே வரும். இரண்டு அல்லது மூன்று மடங்கு டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால், சற்றே பின்வாங்கி நின்று அதில் எடுப்பது நல்லது. பின்னணி குறுகும், பூவின் உருவமும் கோணாது. போர்ட்ரெய்ட் மோடு பின்னணியை மங்கலாக்கித் தருமே என்றால், அது உண்மையான மங்கல் அல்ல, கணக்குப் போட்டுச் செய்வது. செம்பருத்தியின் நீண்ட மகரந்தத் தண்டைப் போல மெல்லிய உறுப்பு வந்தால் கணக்கு தடுமாறும். தண்டின் நுனியில் பாதி கூர்மையாகவும் பாதி பின்னணியோடு கரைந்தும் இருக்கும் செம்பருத்திப் படங்களை வாட்ஸ்அப் காலை வணக்கங்களில் தினமும் பார்க்கலாம்.

வெளிச்சத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. உச்சி வெயில் வேண்டாம், மேகமூட்டம் நல்லது, அதிகாலையில் காற்றும் குறைவு. வேறு வழியில்லாமல் வெயிலில் எடுக்க நேர்ந்தால் வெள்ளைக் குடை ஒன்றை மேலே பிடிக்கலாம். நிழல் விழும் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை வைத்தால் இருட்டு இளகும். கல்யாண வீட்டு ஸ்டில்ஸ்காரர்களுக்கு இதெல்லாம் பழைய பாடம்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளலாம். பூப்படத்தின் எல்லாச் சங்கடங்களும் அந்த ஒரே பூவில் இருக்கின்றன. பூ தலைகவிழ்ந்து தொங்கும். ஆனால் நெளிந்த விளிம்புள்ள ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து தீக்கொழுந்துபோல மேலே எழும். ஆறு மகரந்தத் தாள்கள் இதழ்களுக்குக் கீழே சுற்றிலும் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி ஒரு பக்கமாகத் துருத்தும். நின்ற நிலையில் மேலிருந்து எடுப்பவருக்குக் கிடைப்பது தீக்கொழுந்து மட்டும்தான். பூவின் சூட்சுமமெல்லாம் கீழே இருக்கிறது. முழங்காலிட்டு, மகரந்தத் தாள்களின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கினால் படம் மாறும். ஆனால் அந்தக் கோணத்தில் ஒரு தாள் கேமராவை நோக்கியும் இன்னொன்று விலகியும் நீளும். ஒன்றில் ஃபோகஸ் வைத்தால் எதிர்ப்பக்கத்தது மங்கும். ஆறும் ஒரே தளத்தில் கூர்மையாக வேண்டுமென்றால் பூவுக்கு நேர் கீழே போய் மேல்நோக்கி எடுக்க வேண்டும். அப்போது வானம் பின்னணியாகி, வெளிச்சக் கணக்கு தலைகீழாகும். மொத்தத்தில் எதைக் காட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

அந்தப் பூ மலரும்போது பச்சை கலந்திருக்கும். பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும் பிரியும். வாடும் தறுவாயில் முழுச் சிவப்பாகிவிடும். மஞ்சளும் சிவப்பும் பாதிப் பாதியாக இருக்கும் நாள்தான் படத்துக்கு ஏற்றது என்பது பலருடைய தீர்ப்பு. ஒரே கொடியில் மூன்று நிலைகளும் சேர்ந்து கிடைத்தால் அதுவும் நல்ல படம்தான், பின்னணி ஒத்துழைத்தால்.

நெருங்கிப் போகப் போக ஃபோகஸ் எவ்வளவு கஞ்சத்தனமாகும் என்பதற்கு ஒரு கணக்கு. முழு ஃபிரேம் சென்சாரில், பூ தன் உண்மை அளவிலேயே பதியும்படி மேக்ரோ லென்ஸால் எடுத்தால், எஃப் 8 துளையில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர். எஃப் 16க்குப் போனால் 2 மில்லிமீட்டர். அதற்கு மேல் துளையைச் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதுமே மந்தமாகிவிடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஃபோட்டோஷாப் போன்றவற்றில் ஒன்றாக்குவது ஒரு வழி. காற்றில்லாத அறையில் இது சரிவரும். வயலில் கொடி ஆடினால் நடக்காது. மற்ற வழி எளியது: பூவின் முக்கியமான பகுதிகள் கேமராவுக்கு இணையான தளத்தில் வருமாறு நின்று எடுப்பது. செங்காந்தளுக்குக் கீழே படுப்பதன் காரணமும் அதுதான்.

சட்டகத்தில் பூவை எங்கே வைப்பது? மூன்றில் ஒரு பங்கு விதியைச் சொல்லாத பயிற்சி வகுப்பு கிடையாது. ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் 1797இல் நிலக்காட்சிகளைப் பற்றிய நூலில் சொன்ன விதி அது. அவர் மனதில் இருந்தது வானமும் தரையும். அதைச் சாமந்திப் பூவின்மேல் போட்டுப் பார்ப்பது சற்று அநியாயம். சாமந்தி, சூரியகாந்தி, தாமரை போல எல்லாப் பக்கமும் சமமாக விரியும் பூக்கள் நடுவில் இருப்பதற்கே பிறந்தவை. ஓரத்துக்குத் தள்ளினால் காரணமில்லாமல் தள்ளியது போலத்தான் இருக்கும். சங்குப்பூ, ஆர்க்கிட் வகைகள், துளசிப் பூ ஆகியவற்றுக்கு முகம் உண்டு. ஒரு திசையைப் பார்க்கும். அவை பார்க்கும் பக்கத்தில் இடம் விட வேண்டும். பூவின் சமச்சீரைப் பார்த்து இடத்தை முடிவு செய்வது, கட்டம் போட்டு முடிவு செய்வதைவிட நம்பகமானது.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தச் சிவப்புத் திட்டு. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சம் மட்டுமே தெரியும். அதன்மேல் கட்டம் கட்டமாகப் போர்த்திய வண்ண வடிகட்டிகள்தான் நிறத்தைப் பிரிக்கின்றன. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில் பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு செம்பருத்தி இருந்தால், மொத்த வெளிச்சத்தைப் பார்க்கும் கேமராவுக்கு எல்லாம் சரியாகவே படும். ஆனால் சிவப்பு மட்டும் தன் எல்லையை மீறி வழிந்திருக்கும். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை 256 படிகள்தான். இதழின் மடிப்பும் நரம்பும் நிழலும் எல்லாமே 255ஆகப் பதிவாகிவிட்டால், வேறுபாடு எங்கிருந்து வரும்? அதற்குப் பிறகு எந்த ஸ்லைடரும் உதவாது.

எனவே சிவப்பு, ஆரஞ்சுப் பூக்களை எடுக்கும்போது வெளிச்சப் பரவலைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராமை நம்பாமல் நிறவாரியான ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைத்து எடுப்பது பாதுகாப்பு. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் 12 பிட்டில் 4,096 படிகளும் 14 பிட்டில் 16,384 படிகளும் கிடைக்கின்றன. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ரா கோப்பில் பத்திரமாக இருந்த சிவப்பு, திரைக்கான எஸ்ஆர்ஜிபி வண்ண எல்லைக்குள் அடங்காமல் ஜேபெக்காக மாறும்போது மறுபடியும் திட்டாகும். அப்போது சிவப்பின் செறிவைக் கொஞ்சம் குறைத்தால் இதழின் மடிப்புகள் திரும்பி வரும். நிறத்தைக் குறைத்தால் பூ எடுப்பாகத் தெரியும் என்பதை நம்ப மறுப்பவர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

வெள்ளைப் பூவில் சிக்கல் நேர் எதிர். நந்தியாவட்டை சட்டகத்தை நிறைத்தால், எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக எண்ணும் கேமரா அதை அழுக்காக்கிவிடும். எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். அதே பூ கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சிறிதாக இருந்தால் வெளுத்துப்போகும், குறைக்க வேண்டும்.

நீலமும் ஊதாவும் இன்னும் பழைய தலைவலி. ஃபிலிம் காலத்தில் அஜெரேட்டம் போன்ற சில நீலப் பூக்கள் வண்ணப் படத்தில் இளஞ்சிவப்பாக வரும். அந்தப் பூக்கள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத அடர்சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்புகின்றன. ஃபிலிம் அதைப் பிடித்துக்கொண்டது. இன்றைய சென்சார்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. ஆனாலும் ஊதா இன்னும் சறுக்குகிறது. 2018இல் மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி பூத்தபோது வந்த கைபேசிப் படங்கள் பலவற்றில் அந்தப் பூ சுத்த நீலமாக இருந்தது. நேரில் அதில் ஊதா கலந்திருக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. அடுத்த வாய்ப்பு 2030. போகிறவர்கள் ஒரு சாம்பல் அட்டையையும் கொண்டுபோய், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நிறச்சமநிலையை (வைட் பேலன்ஸ்) பிறகு அதை வைத்துச் சரிசெய்யலாம். மரநிழலில் எடுத்த பூவில் இலைகளின் பச்சை படிந்திருந்தாலும் இதுவே வைத்தியம்.

இவ்வளவையும் களத்தில் செய்தவருக்கு எடிட்டிங்கில் மிஞ்சுவது சில நிமிட வேலை. முதலில் க்ராப். 6000க்கு 4000 என்ற 24 மெகாபிக்சல் படத்தில் இரு பக்கமும் பாதியாக வெட்டினால் 6 மெகாபிக்சல் மிஞ்சும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அதன் நீளம் 10 அங்குலம். பத்திரிகையின் ஒரு பக்கத்துக்கு அது போதும், சுவரொட்டிக்குப் போதாது. அடுத்து நிறச்சமநிலை, பிறகு வெளிச்சம். அதற்கப்புறம் அதிகம் பேர் தொடாத, ஆனால் மிகுந்த பலன் தரும் ஒரு வேலை: பூவை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தை அடக்குவது. இலைகளின் பச்சையைக் குறைத்துச் சற்று இருட்டாக்கினால், பூவைத் தொடாமலேயே பூ முன்னுக்கு வரும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் இலைகளில் பெரும்பகுதி மென்பொருளின் கணக்கில் மஞ்சள். பச்சை ஸ்லைடரை இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று திகைப்பவர்கள் மஞ்சளை இழுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் பூவிலும் மஞ்சள் இருந்தால் மாஸ்க் போட்டுப் பிரித்துக்கொண்ட பிறகே தொட வேண்டும்.

கூர்மையைக் கூட்டும்போதும் இதே நிதானம் தேவை. மகரந்தத் தாள்களுக்குக் கூர்மை அழகு. மங்கலான பின்னணியில் அதைத் தடவினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும். மெல்லிய இதழில் தடவினால் தோல் வறண்டதுபோல ஆகும்.

அழிப்பதில்தான் இன்று பெரிய மாற்றம். ஃபோட்டோஷாப் 1990இல் வந்தபோது ஒரு தூசுப் புள்ளியை அழிக்கவே பழகிய கை வேண்டியிருந்தது. 2021இல் கூகுள் பிக்சல் 6 கைபேசியோடு மேஜிக் இரேஸர் வந்தது. விரலால் சுழித்தால் முழங்கை மறைந்துவிடும். 2023இல் ஃபோட்டோஷாப்புக்கு ஜெனரேட்டிவ் ஃபில் வந்த பிறகு, இல்லாத இதழையே வரவழைக்கலாம். வாழ்த்து அட்டைக்கும் முகப்புப் படத்துக்கும் இதெல்லாம் தாராளமாக ஆகலாம். பிளாஸ்ஃபெல்டின் கத்தரிக்கோலுக்கும் இதற்கும் நோக்கத்தில் பெரிய தூரமில்லை. ஆனால் தாவரத்தை அடையாளம் காண எடுத்த படமென்றால் கதை வேறு. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஒரு பூவைப் பார்த்துப் பெயர் சொல்பவருக்கு, தொந்தரவு என்று அழித்த இலைதான் துப்பு. அழகுக்காக நீலமாக்கிய ஊதாதான் தவறான பெயருக்கு வழி.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டின் சிறந்த கானுயிர் ஒளிப்படக்காரர் போட்டியில் தாவரங்களுக்கும் தனிப்பிரிவு உண்டு. க்ராப் செய்யலாம், வெளிச்சத்தையும் நிறத்தையும் சீராக்கலாம், சென்சார் தூசியை நீக்கலாம், ஃபோகஸ் அடுக்கலாம். படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது விதி. இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு அசல் ரா கோப்பைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இல்லாதவர்களும் எடிட் செய்த படத்தை வேறு பெயரில் சேமித்து, அசல் கோப்பை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.